எல்லா வழியும் ஒரே ரயிலுக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ட்வைன் என்ற, கிளை பிரியும் கதைகளை உருவாக்கும் மென்பொருளில் ஒரு சிறிய ஊடாடும் கதை எழுதினேன். நாயகனுக்கு அக்காவிடமிருந்து கடிதம் வருகிறது. பிரித்துப் படிக்கலாம், எரித்தும் விடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த காட்சியில் அவன் அக்காவைப் பார்க்க ரயிலேறுகிறான். விளையாடிய நண்பர்கள், "அப்புறம் எதற்கு எங்களைக் கேட்டாய்?" என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்கும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டால் கதை என்னுடையதாக இருக்குமா? முந்தைய காட்சிக்குத் திரும்பிப் போக வைக்கும் அம்புக்குறியையும் எடுத்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் நியாயம்தான். ஆனால் அதற்கு ரயில் காரணமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தொடர்ந்து பத்து இடங்களில் இரண்டிரண்டாகக் கிளை பிரித்தால் 1,024 முடிவுகள் வரும். வழியில் உள்ளவற்றையும் சேர்த்தால் 2,047 பகுதிகள் எழுத வேண்டும். ஒருமுறை விளையாடுபவர் அதில் படிப்பது பதினொன்றைத்தான். அதனால்தான் இதில் கைதேர்ந்தவர்கள் கிளைகளை மறுபடி ஒன்றுசேர்த்துவிடுகிறார்கள். நீங்கள் செய்ததும் அதுவே. படித்தவனும் எரித்தவனும் ஒரே ஆளாக ரயிலேறியதுதான் சிக்கல். எது நடந்தது என்பதை ஒரு மாறியில், அதாவது கதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பில், குறித்துவையுங்கள். "அதான் கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தேனே" என்று அக்கா பேச்சைத் தொடங்கட்டும். எரித்தவன் இப்போது தெரிந்த மாதிரி தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் ஒத்துக்கொள்ள வேண்டும். சந்திப்பு அதேதான், அதன் கனம் வேறு. அந்தக் கனத்தை ஏற்றியவர் விளையாடுபவர்.

சரி, கதை யாருடையது? சாம் பார்லோவின் 'ஐல்' (1999) என்ற எழுத்து விளையாட்டு, நாம் தட்டச்சு செய்யும் ஒரே ஒரு கட்டளையோடு முடிந்துவிடும். கடையில் நிற்கும் ஒருவன். நீங்கள் என்ன தட்டச்சு செய்கிறீர்களோ அதைப் பொறுத்து முடிவு மட்டுமல்ல, அவனுடைய கடந்தகாலமே மாறும். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் அது முழுக்க பார்லோவின் கதை. எந்தச் சொல்லுக்கு என்ன பதில் என்று உட்கார்ந்து எழுதியவர் அவர்தானே! ஸ்டீபன் பாண்டின் 'ரமெசிஸ்' (2000) இதற்கு நேர் எதிர். கூச்ச சுபாவமுள்ள ஒரு மாணவனை நாம் இயக்குகிறோம். எதைச் செய்யச் சொன்னாலும் ஒரு சாக்கு சொல்லித் தட்டிக்கழிக்கிறான். நமக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலும் பாண்ட் எழுதியதுதான். அவனுடைய இயலாமையை பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தால்கூட இப்படி உறைத்திருக்காது.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. 'மன்னித்துவிடு' என்று பொத்தானில் போட்டுவிட்டு, அழுத்தியதும் நாயகன் ஓங்கி அறைகிறான். இது பாண்ட் செய்ததைப் போன்றதல்ல. அங்கே மறுப்பதற்குப் பாத்திரத்திடம் காரணம் இருக்கிறது, இங்கே எழுதியவரின் அவசரம் மட்டும்தான் இருக்கிறது. தேர்வு என்று போட்ட சொல்லைக் காப்பாற்ற முடியாவிட்டால் அந்தத் தேர்வையே எடுத்துவிடுங்கள். தேர்வே இல்லாமல் பத்துப் பகுதிகள் ஓடினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அம்புக்குறி இருக்கட்டும். பின்னால் போய் இன்னொரு கிளையை எட்டிப் பார்ப்பவர்தான் நீங்கள் எழுதியதில் அதிகம் படிப்பவர், அவரைத் துரத்தாதீர்கள். கடிதம் எரியும் இடத்தில் மட்டும் அதை மறைக்கலாம். ஆனால் எரித்தால் திரும்ப வராது என்பது, தீக்குச்சியை உரசுவதற்கு முன்பே விளையாடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.