முந்திரிக்கொத்து வீடும் பதினான்கு தூதர்களும்

கேள்வி: நான் தக்கலைப் பக்கம் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பார்த்த ‘ஹேன்சலும் கிரெட்டலும்’ ஆப்பராவை, அதாவது பாட்டிலேயே நடக்கும் மேடை நாடகத்தைப் பற்றிப் போனில் சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த வருடம் கிறிஸ்மஸ் மரம் நிகழ்ச்சிக்கு அதைத் தமிழில் போடலாம் என்றேன். 5 வயது முதல் 13 வயது வரை 26 பிள்ளைகள் இருக்கிறார்கள். கமிட்டியில் ஒரு அண்ணன், “சூனியக்காரி கதைக்குச் சபையில் என்ன வேலை?” என்கிறார். என் மாமியார், “பிள்ளையை அடுப்பில் வைக்கிற கதையைப் பார்த்துவிட்டு என் பேரன் ராத்திரி உறங்குவானா?” என்கிறார். கீபோர்டு வாசிக்கும் தம்பியோ, “ஆப்பராவெல்லாம் நமக்குச் சரிப்படாது அக்கா, சினிமா மெட்டில் எழுதிடலாம்” என்கிறான். போடவா, விட்டுவிடவா?

பதில்:

அன்புள்ள டீச்சர், போடுங்கள். ஆனால் முதலில் உங்கள் மாமியார் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போடுங்கள். மூவரில் கனமான கேள்வி அவருடையதுதான்.

கதை தெரியாதவர்களுக்கு: காட்டில் வழிதவறிய ஹேன்சல் என்ற அண்ணனையும் கிரெட்டல் என்ற தங்கையையும், தின்பண்டத்தால் கட்டிய வீட்டில் இருக்கும் சூனியக்காரி பிடித்துத் தின்னப் பார்க்கிறாள், அவளையே அடுப்பில் தள்ளிவிட்டு அவர்கள் தப்புகிறார்கள். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கதை மிகவும் கொடியது. பஞ்சம். நான்கு வாய்க்குச் சோறில்லை. பெற்ற தாயே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்கிறாள். அது அந்தச் சகோதரர்களுக்கே பொறுக்காமல் போயிருக்க வேண்டும், பின்னால் வந்த பதிப்புகளில் தாயைச் சிற்றன்னையாக மாற்றிவிட்டார்கள். ஆப்பராவுக்கு வசனம் எழுதிய அடெல்ஹைட் வெட்டே என்ற பெண்மணி இதை இன்னும் மாற்றினார். வீட்டில் தன் பிள்ளைகள் நடிப்பதற்காக எழுதி, மெட்டுப் போட்டுத் தரும்படி அண்ணன் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கிடம் கேட்டார். சில பாட்டுகளாகத் தொடங்கியது முழு ஆப்பராவாக வளர்ந்தது. வெட்டேயின் கதையில் யாரும் யாரையும் கைவிடுவதில்லை. வீட்டில் இருக்கிற ஒரே ஆகாரமான பால், பாத்திரத்தோடு கீழே விழுந்து உடைகிறது. ஆத்திரத்தில் அம்மா, “காட்டுக்குப் போய்ப் பழம் பறித்துக்கொண்டு வாருங்கள்” என்று பிள்ளைகளை விரட்டுகிறாள். அவர்கள் போனபின் கடவுளிடம் அழுகிறாள்.

பிள்ளைகள் எதற்குப் பயப்படுவார்கள் என்பதில் நாம் பெரும்பாலும் தப்புக் கணக்குப் போடுகிறோம். எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஊர்த் திடலில் தோல்பாவைக்கூத்து நடந்தது. கும்பகர்ணன் எழுந்து நின்றபோது ஆச்சியின் முந்தானைக்குள் போய்விட்டேன். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடித்துக்கொண்டதும் வெளியே வந்து சிரித்தேன். அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தேன். கும்பகர்ணன் மறந்து போயிருந்தான், அசோகவனத்தில் தனியாக உட்கார்ந்திருந்த சீதைதான் கண்ணுக்குள் நின்றாள். யாராவது வந்து கூட்டிப்போவார்களா என்பதுதான் என் கவலை.

உங்கள் மகனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுப்பு ஒரு நிமிடக் காட்சி. அம்மா கோபித்துக்கொண்டாள், இருட்டிவிட்டது, வழி தெரியவில்லை என்பதுதான் மனசில் தங்கும். ஆகவே பெற்றோர் வருகிற கடைசிக் காட்சியை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். வாரியல் (துடைப்பம்) விற்று வரும் அப்பா, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் பதறுவதையும், அவரும் அம்மாவும் தேடிப் புறப்படுவதையும், கடைசியில் வந்து பிள்ளைகளைக் கட்டிக்கொள்வதையும் மேடையில் எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும். நாடகம் முடியும்போது பெற்றோரின் கை பிள்ளைகளின் தோளில் இருக்கட்டும்.

அடுப்புக் காட்சியை வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழலாகக் காட்டுங்கள். பாவைக்கூத்து ஆடிய மண்ணில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூனியக்காரியாக நடிக்கிற பிள்ளை வேஷம் போடுவதைச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், அவள் மூக்கைத் தொட்டுப் பார்க்கட்டும். இன்னொன்று. உங்கள் 26 பேரில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளையோ, பெற்றோர் பிரிந்து வாழும் பிள்ளையோ இருந்தால், பாத்திரம் பிரிக்கும் முன் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கதையைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே என்ன வேஷம் கொடுக்கலாம், எது வேண்டாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கமிட்டி அண்ணனிடம் வாதாட வேண்டாம். இரண்டு இடங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். காட்டில் இருட்டியதும் அண்ணனும் தங்கையும் மண்டியிட்டுப் பாடும் மாலை ஜெபம் ஒன்று. நான் உறங்கும்போது பதினான்கு தூதர்கள் காவல் நிற்கிறார்கள், தலைமாட்டில் இருவர், கால்மாட்டில் இருவர், வலப்பக்கம் இருவர், இடப்பக்கம் இருவர், போர்த்திவிட இருவர், எழுப்பிவிட இருவர், பரலோகத்துக்கு வழிகாட்ட இருவர் என்று அது போகும். பாடி முடித்து அவர்கள் உறங்கியதும் தூதர்கள் இறங்கி வந்து சுற்றி நிற்பார்கள். பதினான்கு சின்னப் பிள்ளைகளுக்கு வேஷம் கிடைத்துவிட்டது, கவனித்தீர்களா? இரண்டாவது, முடிவில் எல்லோரும் சேர்ந்து பாடுவது: துன்பம் உச்சத்துக்கு ஏறும்போது கர்த்தர் நமக்குக் கைகொடுக்கிறார். இந்த ஆப்பரா வைமார் நகரில் முதன்முதலில் மேடையேறியதே 1893 டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு. இன்றுவரை ஜெர்மனியில் கிறிஸ்மஸ் காலத்தில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். அதற்கு மேலும் அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் போதகரிடம் கேளுங்கள். ஆலயத்துக்குள் வேண்டாம் என்றால் வெளியே பந்தலில் போடலாம், குறைவொன்றுமில்லை.

தம்பி சொல்வதில் பாதி சரி. முழு ஆப்பராவை உங்கள் பிள்ளைகளால் பாட முடியாது. பெரிய வாத்தியக் குழுவுக்கு மேல் குரல் எழும்பப் பயின்ற பெரியவர்கள் பாடுவது அது, ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். மற்ற பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சினிமா மெட்டைப் போட்டால் பார்ப்பவர் மனசில் அந்தப் படம்தான் ஓடும், காடும் பிள்ளைகளும் ஓடமாட்டார்கள். ஹம்பர்டிங்கின் மெட்டுகளில் பல நாட்டுப்பாட்டு போல எளியவை, சிலது நாட்டுப்பாட்டேதான். அண்ணனும் தங்கையும் கைதட்டிக் காலடித்து ஆடும் பாட்டை நம் ஊர்க் கோலாட்டமான களியல் அடியோடு போட்டால் பையன்கள் விடவே மாட்டார்கள். அது ஒன்று, காட்டில் கிரெட்டல் பாடும் விடுகதைப் பாட்டு ஒன்று, மாலை ஜெபம், கடைசிப் பாட்டு. இந்த நான்கு போதும். ஜெபத்தை மட்டும் பெரிய பிள்ளைகள் இரண்டு குரலில் பாடட்டும். பாடகர் குழுவில் சோப்ரானோ என்ற மேல் குரல், ஆல்ட்டோ என்ற கீழ்க் குரல் என்று பிரிந்து பாடிக் கேட்டு வளர்கிற பிள்ளைகள்தானே.

நடுவில் கதையை நகர்த்த வில்லுப்பாட்டை வையுங்கள். ஒரு அக்கா கதை சொல்ல, நாலு பேர் ஆமாம் போட, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் காந்தி கதையையே வில்லில் பாடியவர், ஜெர்மன் காட்டுக் கதை தாங்காதா என்ன?

பாட்டைத் தமிழாக்கும்போது சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள், பிள்ளை வாயில் நிற்காது. ஸ்ட்ராபெரி வேண்டாம், ஞாவல்பழம் பறிக்கட்டும். உரிமை பற்றிக் கவலை வேண்டாம். வெட்டே 1916-இலும் ஹம்பர்டிங்க் 1921-இலும் காலமானார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் எழுத்தும் மெட்டும் பொதுச் சொத்து. யாரோ வாசித்துப் பதிவு செய்ததை ஒலிக்கவிடுவது வேறு விஷயம், அதைச் செய்யாமல் தம்பியே வாசிக்கட்டும்.

ஹேன்சலாக நடிக்கப் பையன் கிடைக்கவில்லை என்றால் பெண்பிள்ளையைப் போடுங்கள். ஆப்பராவிலும் அந்தப் பாத்திரத்தைப் பெண்தான் பாடுவார்.

இனி அந்த வீடு. அங்கே இஞ்சி ரொட்டியில் வீடு கட்டுவார்கள். சூனியக்காரி செத்ததும், அவள் ரொட்டியாக்கி வைத்திருந்த பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு எழுவார்கள். நம் மேடை வீட்டுக்கு முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்குப் பலகாரங்கள் போதும். அதைச் செய்கிற பொறுப்பை மாமியாரிடம் கேட்டு ஒப்படையுங்கள், பேரனையும் உருண்டை பிடிக்க உட்கார வையுங்கள். அட்டையில் ஒட்டாதீர்கள், நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். நாடகம் முடிந்ததும் அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.