நேபாளத்தில் முதல் மூன்று மாதம்: ஆராதனைக்குப் போங்கள், பொறுப்புக் கேட்காதீர்கள்

கேள்வி: மானிப்பாயைச் சேர்ந்த ஆசிரியை நான். வயது 26. எங்கள் சபையின் ஆதரவோடு, ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் வழியாக ஒரு வருடத்துக்குத் தன்னார்வ ஊழியராக நேபாளத்தின் லலித்பூருக்குப் போகிறேன். அங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பாடசாலையில் வேலை. எந்தச் சபையில் சேர்வது? போன கையோடு சபை ஊழியத்தில் இறங்குவது எப்படி? மொழி தெரியாது. அம்மாவுக்கும் ஒரே கவலை.

பதில்: போன கையோடு இறங்க வேண்டாம், தங்கையே. முதல் மூன்று மாதம் அந்தச் சபையில் உங்களுக்கு ஒரு பொறுப்பும் வேண்டாம். வாராவாரம் ஆராதனைக்கு வரும் ஒருவராக மட்டும் இருங்கள். உங்கள் ஆர்வத்தைக் குறைக்கவென்று இதைச் சொல்லவில்லை. நல்ல மனதோடு புறப்பட்டுப்போய், ஆறாம் மாதம் களைத்துப்போய்த் திரும்பிய பிள்ளைகள் பலருடன் பேசியிருக்கிறேன். அவர்களில் அநேகர் முதல் வாரமே கிற்றாரையோ ஓய்வுநாள் பாடசாலையையோ கையில் எடுத்தவர்கள்.

முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. நேபாளத்தில் வார விடுமுறை நாள் சனிக்கிழமை என்பதால் பெரும்பாலான சபைகள் சனிக்கிழமை காலையில்தான் கூடுகின்றன. ஞாயிறு வழக்கமாக வேலைநாள். பிறந்ததிலிருந்து ஞாயிறு மணியோசைக்கு எழும்பிப் பழகிய உங்களுக்கு, ஞாயிறு காலை பாடசாலைப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பது நெஞ்சைப் பிசையும். அன்று மாலையில் வீட்டாரோடு தொலைபேசியில் ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடி ஜெபியுங்கள். நேர வித்தியாசம் 15 நிமிடம்தான், அம்மாவுக்கும் அது ஆறுதல்.

சபையைத் தெரிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: தங்குமிடத்திலிருந்து நடந்து போகக்கூடிய நேபாளிச் சபை எது? லலித்பூரில் வெளிநாட்டவர் கூடும் ஆங்கில ஆராதனைகளும் உண்டு. மாதம் ஒரு தடவை அங்கே போய் மனம்விட்டுப் பேசிவிட்டு வாருங்கள், தப்பில்லை. அதையே தாய்ச்சபை ஆக்கிக்கொண்டால், வருடம் முடியும்போது உங்கள் தெருவில் உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருபவர் பக்கத்துத் தெருச் சபைக்காரர்தான்.

உள்ளே போனால் பல சபைகளில் வாங்கு இருக்காது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தரையில் விரித்த கம்பளத்திலோ பாயிலோ உட்கார வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. முன்னால் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தேடாமல் பெண்கள் பக்கத்தில் நடுவில் அமருங்கள். மாதள் என்ற மத்தளம் போன்ற வாத்தியத்தோடு பஜனைப் பாடல்கள் பாடுவார்கள். எங்கள் கீர்த்தனைகளில் வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே இராது. எல்லோரும் ஒரே நேரத்தில் உரத்து ஜெபிக்கும் வேளையில் தமிழிலேயே ஜெபியுங்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தை மாதத்து இரவில் அங்கே குளிர் 2, 3 பாகைக்கு இறங்கும். ஆராதனை மண்டபங்களில் சூடேற்றி இருப்பது அரிது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் செருப்பில்லாமல் தரையில் இருக்கப் போகிறீர்கள். தடித்த கம்பளிக் காலுறை மூன்று சோடி வாங்குங்கள். கொழும்பில் தேடி அலையாமல் காத்மாண்டுவிலேயே வாங்கலாம்.

ஆராதனையின் இடையில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். 'ஜெய மசீஹ்' (கிறிஸ்தவர்களின் வணக்கச் சொல்) என்று கைகூப்பி, 'மேரோ நாம்' (என் பெயர்) என்று தொடங்கிப் பெயரைச் சொல்லி, 'ம ஸ்ரீலங்காபாட்ட ஆயேகோ' (நான் இலங்கையிலிருந்து வந்தேன்) என்று முடியுங்கள். அவ்வளவும் போதும். வெளிநாட்டு விருந்தாளியை அவர்கள் மிகவும் மதிப்பார்கள். அடுத்த வாரமே சாட்சி சொல்ல, ஏன், பிரசங்கம் செய்யவும் கேட்கலாம். போதகரிடம் தனியே போய், 'மொழி கற்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க விரும்புகிறேன்' என்று பணிவாகச் சொல்லுங்கள். மனம் நோக மாட்டார். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் தேநீருக்கு நில்லுங்கள். வயதில் மூத்த பெண்களைத் 'தீதி' (அக்கா) என்று கூப்பிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போங்கள். மொழி அங்கேதான் வேகமாக வரும்.

நீங்கள் மானிப்பாய்க்காரி. கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனையைத் தாண்டித்தான் தினமும் போவீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழில் தந்தார். மாணவர்கள் மேல்நாட்டு உடைக்கு மாறியபோது அவர் வருந்தினார், மகிழவில்லை. அமெரிக்காவில் உள்ள அவருடைய கல்லறையில், தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்களை ஏற்றுப் பழகிய ஊர் எங்களுடையது. எப்படி வந்தவர் எங்கள் மனதில் நின்றார் என்பது எங்களுக்குத் தெரியும். போகிற இடத்தில் அந்த நினைவோடு நடந்துகொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. இதை நிதானமாக வாசியுங்கள். 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் கிறிஸ்தவர்கள் 1.76 சதவீதம். ஆராதனைக்குப் போவதற்கும் ஜெபிப்பதற்கும் தடையில்லை. ஆனால் 2015 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவுப்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபா வரை அபராதமும் உண்டு. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாள்களுக்குள் நாடுகடத்துவார்கள். ஆகவே பாடசாலையில் துண்டுப்பிரசுரம், பைபிள் கதை, பரிசுப்பொருள் எதுவும் வேண்டாம். அதுவும் உங்கள் கையில் இருப்பவர்கள் பிள்ளைகள். சட்டம் இல்லாவிட்டாலும் அவர்களின் பெற்றோரின் நம்பிக்கையைக் காப்பது உங்கள் கடமை. ஞானஸ்நானப் படங்களையோ, சபையாரின் முகங்களையோ முகநூலில் போடவே கூடாது. நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள், விசாரணைக்குப் போகிறவர் அந்த ஊர்க்காரர்.

வீசா விடயத்திலும் மழுப்பல் கூடாது. சார்க் நாட்டவர் என்பதால் உங்களுக்கு முதல் 30 நாள் சுற்றுலா வீசா இலவசம். அதை நீட்டித்தாலும் ஓர் ஆண்டில் 150 நாளுக்கு மேல் தங்க முடியாது. சம்பளம் இல்லாவிட்டாலும் அந்த வீசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். எந்த வகை வீசாவில் அழைக்கிறார்கள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 'வந்த பிறகு பார்க்கலாம்' என்று பதில் வந்தால் பயணத்தை நிறுத்துங்கள்.

அம்மாவுக்கு: வீட்டுக்காரரின் எண், போதகரின் எண், நிறுவனப் பொறுப்பாளரின் எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். சாப்பாட்டைப் பற்றிய கவலை வேண்டாம். காலை பத்து மணியளவிலும் இரவிலும் சோறும் பருப்பும் உண்டு, இடையில் சிற்றுண்டிதான். ஒரு போத்தல் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் பையில் இருந்தால் ஆறு மாதம் ஓடிவிடும். உங்கள் குருவானவரிடம் ஆங்கிலத்தில் முத்திரையிட்ட அறிமுகக் கடிதம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சபையாரில் யாராவது பணம் கேட்டால் கையில் கொடுக்காதீர்கள், மூப்பர்களிடம் சொல்லுங்கள். ஒருவருக்குக் கொடுத்த அன்றே மற்றவர்களோடு உங்கள் உறவு மாறிவிடும்.

மூன்றாம் மாத முடிவில் போதகரைச் சந்தித்து, 'எதில் உதவி வேண்டும்?' என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு என்று சொன்னால், முதல் நாளிலிருந்தே சபையின் இளம்பெண் ஒருத்தியை உடன் நடத்த வையுங்கள். எட்டாம் மாதத்தில் வகுப்பு அவள் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒருத்தி முன்வராவிட்டால் அந்த வகுப்பைத் தொடங்காதீர்கள்.