சிவப்பு என்றால் அட்வான்ஸ் வாங்கியாச்சு: கீப் குறிப்புகளை வேறு செயலிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருஷமாக வாடிக்கையாளர்களின் அளவுகள் எல்லாம் கூகுள் கீப்பில்தான். ஆயிரம் குறிப்புகளுக்கு மேல் இருக்கும். சிவப்பு நிறம் வைத்தால் அட்வான்ஸ் வாங்கியாச்சு, பச்சை என்றால் டெலிவரி ஆச்சு. மகன் அப்சிடியன் என்ற குறிப்புச் செயலிக்கு மாறச் சொல்கிறான். ஒன்றும் தொலையாமல் மாற்ற முடியுமா? பழைய சமையல் குறிப்புகள் எவர்நோட் என்ற இன்னொரு செயலியில் கிடக்கின்றன, அதையும் எடுக்கணும்.

பதில்: எழுத்து தொலையாது. அதில் உங்களுக்குக் கவலையே வேண்டாம். தொலையக்கூடியது நீங்கள் எழுதாமல் வைத்திருக்கும் விஷயம். சிவப்புக்கு அட்வான்ஸ் என்று அர்த்தம் என்பது உங்களுக்கும் கடைப் பெண்ணுக்கும்தான் தெரியும், கீப்புக்குத் தெரியாது. அப்சிடியனில் ஒரு குறிப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. கீப்பில் வண்ண வண்ணமாகத் தெரிந்த பலகை அங்கே வெள்ளைத் தாளாகத்தான் வந்து நிற்கும்.

அதனால் மாற்றுவதற்கு முன்பே நிறத்தை வார்த்தையாக்கிவிடுங்கள். கம்ப்யூட்டரில் கீப்பைத் திறந்து தேடல் பெட்டியைத் தட்டினால் நிறங்கள் வரிசையாக வரும். சிவப்பைத் தொட்டால் சிவப்புக் குறிப்புகள் மட்டும் தெரியும். அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் ‘அட்வான்ஸ்’ என்று ஒரு லேபிள் போடுங்கள். பச்சைக்கு ‘டெலிவரி’. அரை மணி நேர வேலை. லேபிள் புதிய இடத்துக்கு டேகாக, அதாவது குறிச்சொல்லாக வந்து சேரும், தேடினால் கிடைக்கும்.

அடுத்தது நினைவூட்டல்கள். கூகுள் கொடுக்கும் கீப் கோப்பில் அவை வராது. கீப்பில் வைக்கும் நினைவூட்டல்கள் இப்போது கூகுள் டாஸ்க்ஸ் என்ற வேலைப்பட்டியல் செயலியில் சேர்கின்றன, அங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளிக்கிழமை ஃபால்ஸ் அடிக்கணும்’ மாதிரி இன்னும் முடியாதவற்றைத் தேதியோடு குறிப்புக்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது. நான் ஒருமுறை செயலி மாறியபோது நினைவூட்டல்களும் கூடவே வந்துவிட்டதாக நம்பி, இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு அபராதத்தோடு பணம் கட்டினேன். டிக் பட்டியலில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக உள்ளே தள்ளி வைத்திருந்தால் அந்தப் படிக்கட்டும் போய், எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். லைனிங், ஹூக், லேஸ் என்று ஒரு ஆர்டருக்குக் கீழே அடுக்கியிருந்தால், எது யாருடையது என்று குழம்பிவிடும். அப்படிப்பட்ட பட்டியல்கள் பத்து இருபதுதான் இருக்கும் என்றால் முன்னாலேயே கையால் பிரித்து வையுங்கள்.

இனி எடுப்பது. கூகுளில் இருக்கும் நம் தகவல்களை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் டிக் போட்டே வைத்திருப்பார்கள். முதலில் ‘டீசெலக்ட் ஆல்’ கொடுத்துவிட்டுக் கீப்புக்கு மட்டும் டிக் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் போட்டோ, மெயில் எல்லாம் சேர்ந்து மலைபோல் வந்து இறங்கும். தயாரானதும் மெயிலில் லிங்க் வரும். அது சில நாட்கள்தான் உயிரோடு இருக்கும், வந்தவுடன் இறக்கிக்கொள்ளுங்கள். வருவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு கோப்புகள் இருக்கும். எச்டிஎம்எல் நாம் படிக்க, ஜேசன் செயலி படிக்க.

ஜிப்பைப் பிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் அப்சிடியன் போட்டு, செட்டிங்ஸில் கம்யூனிட்டி பிளகின்ஸ் (கூடுதல் வசதிகள்) பகுதியில் ‘இம்போர்ட்டர்’ என்பதைச் சேருங்கள். அப்சிடியன்காரர்களே தருவது அது. அதில் கூகுள் கீப்பைத் தேர்ந்தெடுத்து ஜிப்பை அப்படியே காட்டினால் போதும். இறக்குவதற்குப் புதிதாக ஒரு காலி வால்ட் (குறிப்புகளை வைக்கும் ஃபோல்டர்) திறந்துகொள்ளுங்கள். ஏதாவது பிசகினால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நானெல்லாம் மூன்று தடவை ஆரம்பித்திருக்கிறேன்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அப்சிடியனில் குறிப்பின் தலைப்புதான் கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டு போனில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்து பிடிக்கும் இடத்தின் அளவுதான் பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழிலோ யூனிகோடில் (எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் பொது முறை) ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘ரவிக்கை’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. உள்ளே ர, வ, இகரக் கொக்கி, க, புள்ளி, க, ஐகாரக் கொம்பு என்று ஏழு குறிகள், ஆக 21 பைட். ‘மீனாட்சி அக்கா மக கல்யாணப் பட்டு ரவிக்கை, பின்கழுத்து இறக்கம், ஆரி வேலை’ என்று நீட்டினால் வரம்பில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். விண்டோஸ் பைட்டைக் கணக்கிடாது, அதனால் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தெரிந்த குறிப்பு போனுக்கு மட்டும் வராமல் நிற்கும், காரணமும் புரியாது. தலைப்பை நாற்பது எழுத்துக்குள் வைத்து, மிச்சத்தைக் குறிப்புக்குள் எழுதுங்கள்.

தலைப்பில் ‘36/14’ என்று அளவு எழுதும் பழக்கம் இருந்தால் அந்தச் சாய்கோடு கோப்புப் பெயரில் நிற்காது. முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் அப்படித்தான். வேறு குறியாக மாறியோ காணாமலோ போகும். அளவு இருக்க வேண்டிய இடம் குறிப்பின் உள்ளே.

வந்து சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஆயிரத்தையும் எண்ண வேண்டாம், கடையில் தேடுவது போலவே தேடிப் பாருங்கள். போட்டோ உள்ள ஒன்று, குரல்பதிவு உள்ள ஒன்று, டிக் பட்டியல் ஒன்று, ஆர்க்கைவில் போட்ட ஒன்று, தலைப்பே இல்லாத ஒன்று. தலைப்பில்லாதவை தேதியும் நேரமுமாகப் பெயர் வாங்கி வந்திருக்கும், அதனால் பயப்பட வேண்டாம். ‘கொ’, ‘தோ’ போன்ற எழுத்துள்ள ஒரு பெயரையும் தேடுங்கள். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றேதான். பழைய கீபோர்டில் அடித்தது ஒருவிதமாகவும் இப்போது அடிப்பது வேறுவிதமாகவும் இருந்தால், ‘கோமதி’ கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படாமல் போகலாம். அப்போது பெயரை அழித்துவிட்டு மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

எவர்நோட்டுக்கு வருகிறேன். 2023 டிசம்பரிலிருந்து அங்கே இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று வரம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் ஏற்கனவே வைத்திருப்பவை பறிபோகவில்லை, படிக்கலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். போன் செயலியில் தேடாதீர்கள், கம்ப்யூட்டர் செயலியில்தான் அந்த வசதி. நோட்புக்கின் மேல் ரைட் கிளிக் செய்து எனெக்ஸ் (ENEX, எவர்நோட்டின் சொந்த வடிவம்) கோப்பாக எடுங்கள். நோட்புக்கின் பெயர் அந்தக் கோப்புக்குள் எழுதப்படாது. எனவே குழம்பு, ஊறுகாய், பலகாரம் என்று தனித்தனியாக எடுத்து, கோப்புக்கும் அதே பெயரை வையுங்கள். அதே இம்போர்ட்டர் அவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போட்ட லிங்க்குகளை மட்டும் சரிபாருங்கள், அவை அறுந்து போவது வழக்கம்.

கீப்பில் இருப்பதை உடனே அழிக்க வேண்டாம். வரும் தீபாவளி சீசன் முடியட்டும், அந்த நெருக்கடியில்தான் எது வரவில்லை என்பது தெரியும். ஆனால் அதுவரை புதுக் குறிப்பை அங்கே எழுதாதீர்கள், பாதி இங்கே பாதி அங்கே என்றாகிவிடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் அந்த ஜிப்புக்குப் பூட்டு எதுவும் கிடையாது. எட்டு வருஷத்தில் எப்போதாவது ஒரு ஏடிஎம் பின் நம்பரையோ ஆதார் போட்டோவையோ கீப்பில் போட்டிருப்பீர்கள். ஒரு பென்டிரைவில் ஏற்றி பீரோவில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.