அடுத்த வாக்கியம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். எதைப் படித்தாலும், படித்து முடிக்கும்போது அதுவே சரி என்று படுகிறது. மறுநாள் அதை மறுத்து ஒருவர் எழுதியதைப் படித்தால் அதுவும் சரி என்று தோன்றுகிறது. ஆய்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. நம் மொழியில் உணர்ச்சி மரபு உண்டே தவிரத் தர்க்க மரபு இல்லை என்பதுதான் இதற்குக் காரணமோ? தமிழ்வழிக் கல்வியை ஆதரித்து நான் எழுதிய கட்டுரையை இணைத்துள்ளேன். நண்பர்கள் பாராட்டினார்கள்; ஆனால் யாரை எண்ணி எழுதினேனோ, அந்தப் பெற்றோரில் ஒருவர்கூட மனம் மாறவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவரும் இசையும்படி எழுதுவது எப்படி? இதற்குப் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்று தர இயலுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியல் தர மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் கொடுத்தேன். அவர்கள் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

தமிழில் தர்க்க மரபு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எங்கே படித்தீர்கள்? ஆதாரம் கேட்டுப் பழக்க வேண்டிய வரலாற்று ஆசிரியர் இப்படி எழுதலாமா? மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக்காட்டி, அவை ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்பதையும் விரிக்கிறார். நீலகேசி என்னும் நூல் முழுக்கவே வாதங்களால் ஆனது. மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு அந்த வரியை நீங்களே அடித்துவிடுங்கள்.

ஆனால், படிப்பதெல்லாம் சரியென்று படுகிறது என்ற உங்கள் புலம்பல் என்னை நிறுத்தியது. சில வாரங்களாக நன்னூல் பாயிரத்தில் வரும் ஒரு சூத்திரத்தையே நானும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். நூலாசிரியன் கொள்ளும் ஏழு வகை மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, பவணந்தியார் அதில் வரிசைப்படுத்துகிறார். முதலில் வருவது உடன்படல். மறுத்தல் அதற்கு அடுத்தது. ஒரு கூற்றுக்கு உள்ளே போய், அது எப்படி ஒருவருக்குச் சரியாகப் படுகிறது என்று உணர முடியாதவன் அதை மறுக்கும் தகுதியையும் பெறுவதில்லை என்று நான் அதைப் படிக்கிறேன். ஆகவே உங்களிடம் இருப்பது குறை அன்று, பாதித் திறமை. மீதிப் பாதியைத்தான் நீங்கள் தேடவில்லை.

மூன்றாவது மதம்தான் என்னை உறங்கவிடாதது: 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே'. பிறருடைய கொள்கையைத் தான் ஏற்றுக்கொண்டு, பிறகு களைதல். மேற்கொள்ளுதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். விரதத்தை மேற்கொள்கிறோம், பயணத்தை மேற்கொள்கிறோம். நம் உடம்பின்மேல் ஏற்றுக்கொள்ளாத ஒன்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது. களைதலும் அப்படித்தான். களை எடுக்க வேண்டுமானால் வயலுக்குள் இறங்கிக் குனிய வேண்டும். எது பயிர், எது களை என்று விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரப்பில் நின்று கல்லெறிபவனைக் களையெடுக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை.

நான் வரப்பில் நின்று எறிந்த கல் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்து நான்கு வயதில் ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரைத் தொகுதி ஒன்றின் மதிப்புரை எழுதினேன். அந்தத் தொகுதியில் சித்தர் பாடல்கள் இலக்கியம் ஆகா, அவை செய்யுளில் எழுதப்பட்ட வைத்தியக் குறிப்புகளே என்றொரு வாக்கியம் இருந்தது. அதை மேற்கோள் காட்டி, அந்த ஆசிரியரை இரண்டு பக்கத்துக்குக் கிழித்தேன். நண்பர்கள் தேநீர்க் கடையில் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். பத்து நாள் கழித்து 15 பைசா அஞ்சலட்டை ஒன்று வந்தது. அவர் கோபப்படவில்லை. "தாங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம், 'என்று கூறுவாரும் உளர்' எனத் தொடங்குகிறது. நேரம் கிடைத்தால் அதையும் வாசிக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தார். தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அவர் எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்துவிட்டு, அதற்கு அடுத்த ஆறு பக்கங்களில் அதைக் களைந்திருந்தார். அவருடைய எதிரியின் குரலை அவருடைய குரல் என்று எண்ணி அவரை அடித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இதழில் திருத்தம் வெளியிடும் துணிவு மட்டும் வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

ஆய்ந்து படிப்பது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கு நிற்கும் முன் அது யாருடைய குரல் என்று கேளுங்கள். பழைய உரைகளைப் படித்தவர்களுக்கு இது பழகிய வேலை. 'அற்றேல்' என்று வந்தால் எதிராளி பேசத் தொடங்குகிறான், 'எனின்' என்றால் அவன் பேசி முடித்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இசையவைப்பது பற்றிய குறளையே பாருங்கள்: 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்.' பரிமேலழகர் இதில் வரும் கேட்டாரையும் கேளாரையும் நட்பாய் ஏற்றவர், பகையாய் ஏற்காதவர் என்று கொள்கிறார். அதோடு நிற்காமல், நூல் கேட்டவர், கேளாதவர் என்றும், வினவியவர், வினவாதவர் என்றும் பொருள் கொள்வோர் இருப்பதைப் பதிவு செய்கிறார். 'தகையவாய்' என்பதற்கு மற்றவர்கள் சொன்ன பொருளையும் கூறி, அந்தப் பன்மை 'மொழிவது' என்ற ஒருமையோடு பொருந்தவில்லையே என்று காரணம் காட்டித் தள்ளுகிறார். அவர்களை மடையர் என்று சொல்லவில்லை. இலக்கணம் தெரிந்த எவரும் சரிபார்க்கக்கூடிய ஒரு காரணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். கேட்டார், கேளார் என்பதில் அவர் கொண்ட பொருள் எனக்கு உடன்பாடில்லை. அது சற்றுச் சுற்றி வளைப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் நான் இப்படி மாறுபட முடிவதே, அவர் மற்ற வழிகளையும் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் வாதங்கள் பலவற்றை இன்று நாம் அறிவது, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியாலும் அதன் உரையாலும்தான். மறுத்தவர்கள் அவ்வளவு ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கட்டுரை. உங்கள் தரப்புத்தான் என் தரப்பும். என் மகள் தமிழ்வழியில் படித்தவள். அதனால்தான் மூன்றாம் பத்தியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஆங்கிலவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் அடிமைப் புத்திக்காரர்கள் என்று எழுதிவிட்டு, அவர்கள் மனம் மாறவில்லை என்று என்னிடம் வருந்துகிறீர்கள். யாரை விருந்துக்கு அழைத்தீர்களோ அவர்களையே வாசலில் வைத்து ஏசினால் யார் உள்ளே வருவார்? அடுத்த பத்தியில் 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். நல்ல சான்றுதான், ஆனால் எதற்கு? தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதற்கு அது ஏது. உன் பிள்ளைக்கு இன்று தமிழ்வழியே நல்லது என்பதற்கு அது ஏது ஆகாது. சித்தாள் வேலைக்குப் போய்ச் சீட்டுப் பணத்தில் பள்ளிக் கட்டணம் கட்டும் தாய் ஒருத்தி, தமிழைப் புகழ்ந்து மேடையில் பேசுபவரின் பேரன் எந்தப் பள்ளி வண்டியில் போகிறான் என்று தினமும் பார்க்கிறாள். அவள் பார்த்ததை வைத்துத்தான் முடிவெடுத்தாள். அதற்குப் பெயர் அடிமைத்தனம் அன்று, அனுமானம். அவளுக்குச் சொல்லத்தக்க செய்திகளை, அதாவது தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியதையும், கடைசிப் பத்தியில் ஒன்றரை வரியில் திணித்திருக்கிறீர்கள். அவையும் அவளுடைய கேள்விக்கு முழு விடை ஆகா. தனியார் வேலைக்கு நேர்காணலில் உட்காரும்போது என் மகன் என்ன செய்வான் என்று அவள் கேட்டால், என்னிடமும் திடமான பதில் இல்லை.

கட்டுரையின் நடை பற்றியும் நீளம் பற்றியும் சொல்ல வேண்டியவை உண்டு. அவற்றைப் பிறகு பார்க்கலாம். இப்போது கட்டுரையை அப்படியே வைத்துவிட்டு, அந்தத் தாயின் தரப்பை மட்டும் இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். மறுப்பு ஒரு வரிகூட வேண்டாம். உங்கள் பள்ளிக்கு அருகிலேயே அவளைப் போன்ற ஒருவர் இருப்பார். அவரிடம் அதைப் படித்துக்காட்டி, நான் சொல்ல நினைத்தது இதுதான் என்று அவர் சொன்ன பிறகு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்