ஆழ்கடலில் டைட்டானிக், ஆறு மாடி உயரத் திரையில்: சேலத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

(மார்ச் 2003)

ஜேம்ஸ் கேமரூன் 2001ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பலின் சிதைவுக்குள் படமெடுத்த 'கோஸ்ட்ஸ் ஆஃப் தி அபிஸ்' என்னும் முப்பரிமாண ஆவணப்படம், வரும் ஏப்ரலில் அமெரிக்காவின் ராட்சதத் திரைகளில் வெளியாகிறது. 1985 செப்டம்பரில் அந்தக் கப்பல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை நாளிதழில் படித்து, மறுநாள் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேசிய இயற்பியல் ஆசிரியன் நான், இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். இந்தப் படத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி): 1997இல் வந்த 'டைட்டானிக்' படத்தையே நாங்கள் மூன்று முறை பார்த்துவிட்டோம். அதே கப்பல், அதே இயக்குநர். இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?

அந்தப் படத்தில் நீங்கள் கண்ட மாடிப்படிகளும் விருந்து மண்டபமும் கட்டப்பட்ட அரங்குகள். அதற்காகக் கேமரூன் 1995இல் பன்னிரண்டு முறை கடலடிக்கு இறங்கினார் என்றாலும், ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களுக்கான ஃபிலிமை மட்டுமே கொண்டுசெல்ல முடிந்தது. அதிலும் பெரும்பகுதி கப்பலின் வெளிப்புறமே. இம்முறை அவருடைய தம்பி மைக் கேமரூன் வடிவமைத்த இரண்டு சிறிய ரோபோக்கள் உள்ளே நுழைந்திருக்கின்றன. ஜேக், எல்வுட் என்று அவற்றுக்குப் பெயர்.

இவற்றின் சிறப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டு போகும் ரோபோ, இரண்டு மூலைகள் திரும்பினாலே ஏதாவது ஒரு விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஜேக்கும் எல்வுட்டும் தம் மின்கலத்தைத் தாமே சுமந்துகொண்டு, சிலந்தி தன் வயிற்றிலிருந்து நூலை விட்டுக்கொண்டே நகர்வதைப்போல, மெல்லிய ஒளியிழையைத் தம் உடலிலிருந்தே அவிழ்த்துவிட்டபடி செல்கின்றன. படிக்கட்டு இருந்த இடம் இப்போது பல தளங்களை ஊடுருவும் வெறுங்கிணறாக நிற்பதால், அதுவே அவற்றுக்கு வாசலாகிவிட்டது. அந்த வழியே போய், ஈயச் சட்டமிட்ட கண்ணாடிச் சன்னல்கள் இன்னும் உடையாமல் நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். தொண்ணூறு ஆண்டுகளாக மனிதக் கண் படாத சன்னல்கள் அவை. எனக்கு இது ஒன்றே போதும்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம்): 3,800 மீட்டர் ஆழம் என்கிறார்கள் ஐயா. எண்ணாகக் கேட்டால் மனத்தில் பதியவில்லை.

நீங்கள் இருக்கும் ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரையில் ஏற்காட்டை நிறுத்தி, அதன்மேல் இன்னோர் ஏற்காட்டை வைத்து, அதற்கும் மேல் பாதி ஏற்காட்டை அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழத்தில் அந்தக் கப்பல் கிடக்கிறது. ரஷ்யர்களின் மிர் நீர்மூழ்கிகள் அந்தத் தூரத்தை இறங்கவே இரண்டரை மணி நேரம் ஆகிறது.

அழுத்தத்தையும் உங்கள் பேருந்துப் பயணத்திலிருந்தே விளக்கலாம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வரும்போது பந்துபோல் உப்பியிருப்பதையும், நடுவழியில் காது அடைத்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவதால் நேரும் மாற்றம் அது. கடலிலோ ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில், ஒரு விரல் நகத்தின் அளவுள்ள பரப்பை ஏறத்தாழ 400 கிலோ எடை அமுக்குகிறது. இதைத் தாங்குவதற்காகத்தான் மிர் நீர்மூழ்கியில் மனிதர் அமரும் அறை, ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள நிக்கல் எஃகுக் கோளமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அதன் உள்விட்டம் சுமார் இரண்டு மீட்டர். அதற்குள் மூன்று பேர் கால்மடக்கி உட்கார வேண்டும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): அங்கே சூரிய ஒளி போகாதே, எப்படிப் படமெடுத்தார்கள்?

ஆயிரம் மீட்டருக்குக் கீழே பகல் என்பதே கிடையாது. ஆகவே மெதூசா என்று பெயரிட்ட விளக்குத் தொகுதி ஒன்றைத் தாய்க்கப்பலிலிருந்து கம்பியில் இறக்கி, நிலவைப்போல மேலிருந்து ஒளி விழச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள்: தொலைவில் நீலப்பச்சையாகத் தெரியும் முகப்பு, விளக்கு நெருங்க நெருங்கத்தான் துருவின் செம்மஞ்சள் நிறத்தைக் காட்டும்.

கேள்வி (உருக்காலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்): நம் சேலத்து எவர்சில்வரில் கட்டியிருந்தால் கப்பல் துருப்பிடிக்காமல் இருந்திருக்குமா?

உங்கள் கையால் உருண்டுவந்த தகடு உங்களுக்குத் தெரியும். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. ஆனால், பாத்திரம் செய்யும் வகை எவர்சில்வரைக் கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால், உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை இடையிடையே துளைத்துப் புள்ளிப்புள்ளியாக அரித்துவிடும். டைட்டானிக்கின் தகடுகளோ சாதாரண எஃகு. அதில் கந்தகம் மிகுதியாக இருந்ததால் குளிரில் எளிதில் நொறுங்கும் தன்மையும் இருந்தது. இன்று அதன்மேல் விழுதுகள்போலத் தொங்கும் துரு வெறும் வேதிவினையால் மட்டும் ஆனதன்று. இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் சேர்ந்து கட்டிய கூடு அது. தொட்டால் பொடியாகிவிடும். கப்பல் நாள்தோறும் கரைந்துகொண்டிருப்பதால், இப்போது எடுக்கப்பட்ட படம் நாளைக்கு மீண்டும் எடுக்க முடியாத படம்.

கேள்வி (திரையரங்கு ஆபரேட்டர், அம்மாபேட்டை): டிஜிட்டல் கேமராவில் எடுத்ததை 70 மி.மீ. ராட்சதத் திரைக்குப் பெரிதாக்கினால் படம் மங்காதா?

தொழில் தெரிந்தவரின் கேள்வி. மங்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ராட்சதத் திரைக்கான ஃபிலிம் கிடைமட்டமாக ஓடுவது. ஒரு கட்டத்துக்குப் பதினைந்து துளைகள். விநாடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் ஃபிலிம் கருவியைக் கடந்துவிடும். கனடாவின் ஸ்டீஃபன் லோ, 1991இல் இதே மிர் நீர்மூழ்கிகளில் இறங்கி அந்த ஃபிலிமிலேயே நேரடியாக எடுத்தார்; கூர்மையில் அதை இந்தப் படம் எட்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால், ஃபிலிம் சுருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகையில் டிஜிட்டல் நாடா மணிக்கணக்கில் ஓடும். இரு கண்களுக்கும் இரு லென்சுகள் கொண்ட கருவியை அவ்வளவு சிறியதாக்கிக் கடலடிக்குக் கொண்டுபோனதும் இந்த முறையால்தான் முடிந்தது. கூர்மையில் சற்று இழந்து, பொறுமையாகக் காத்திருந்து பார்க்கும் நேரத்தை வாங்கியிருக்கிறார்கள். அது நல்ல பேரம் என்பதே என் கருத்து.

கேள்வி (குகை): 1,500 பேருக்கு மேல் இறந்த இடம் அது. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பது தகுமா? பெயரிலேயே ஆவி என்று வேறு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களை வணங்குகிறேன். அங்கே உடல்கள் எவையும் மிஞ்சவில்லை. ஆனால் பதனிட்ட தோலைக் கடலுயிர்கள் உண்பதில்லை என்பதால், ஒருவர் கிடந்த இடத்தில் ஒரு சோடி காலணி பக்கம்பக்கமாக அப்படியே கிடக்கிறது. அந்தக் காட்சியை நிழற்படத்தில் முதன்முதல் கண்ட அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. கப்பலைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான ராபர்ட் பல்லார்டு 1986இல் திரும்பப் போனபோது, எதையும் எடுக்காமல் ஒரு நினைவுத் தகட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தார். பொருள்களை அள்ளி வருவதை நான் ஏற்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்புவதை ஏற்கிறேன். படத்தின் பெயரும் பேய்க்கதையைக் குறிப்பதன்று. சிதைந்த அறையின்மீது, அங்கே அன்று நடமாடியவர்களின் உருவங்களை நிழலாகப் படிய வைத்துக் காட்டுகிறார்களாம். அதைச் சுட்டும் பெயர் அது.

கேள்வி (ஏற்காடு): சிறு பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். தலை சுற்றினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடியிருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): சேலத்திலிருந்து எங்கே போய்ப் பார்ப்பது?

ஐதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையை ஒட்டி, 72 அடி உயரத் திரையுடன் ஓர் ஐமேக்ஸ் அரங்கு கட்டப்பட்டு வருகிறது. இந்தப் படம் அங்கே வரவேண்டும் என்று நாள்தோறும் எதிர்பார்க்கிறேன். உங்கள் சூரமங்கலம் நிலையத்தில் சபரி எக்ஸ்பிரஸ் ஏறினால் நேரே ஐதராபாத்தில் இறங்கலாம். அதற்குள் யாரேனும் குறுந்தகட்டைக் கொடுத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பாருங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். 269 மீட்டர் நீளக் கப்பலை 21 அங்குலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த அளவே மனத்தில் தங்கிவிடும். அரங்கில் பின்பாதியின் நடுவரிசை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கினால் மகிழ்வேன்.