பில்லில் என்ன முத்து என்று எழுதியிருக்கிறது?

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் போன மாதம் ரத்தினக் கண்காட்சி நடந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முத்து பற்றியவை. அவற்றிலிருந்து சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கண்காட்சியில் ஒரே மேஜையில் உருண்டை, அரிசி மணி, பட்டன், காசு, கோணல் மாணல் என்று பத்து வித முத்து இருந்தது. ஒரு சரம் 700 ரூபாய், பக்கத்துச் சரம் 48,000. எல்லாமே அசல்தான் என்கிறார்கள். அது எப்படி?
– வாசகி, தக்கலை

எல்லாமே சிப்பிக்குள் விளைந்தவையாக இருக்கலாம். விளைந்த விதத்தில்தான் விலை வித்தியாசம்.

700 ரூபாய்ச் சரம் பெரும்பாலும் சீனாவின் நன்னீர் முத்து. அங்கே குளத்தில் வளரும் பெரிய சிப்பிக்குள், இன்னொரு சிப்பியின் சதையிலிருந்து வெட்டிய சின்னத் துண்டுகளை மட்டும் வைக்கிறார்கள். ஒரே சிப்பியில் முப்பது நாற்பது முத்துகூட விளையும். உள்ளே உருண்டையான கரு கிடையாது. அதனால் முத்து தன் போக்கில் வளர்ந்து அரிசி மாதிரியோ, பட்டன் மாதிரியோ, உருளைக்கிழங்கு மாதிரியோ ஆகிவிடுகிறது. காசு வடிவம் வேண்டுமென்றால் தட்டையான வில்லையை உள்ளே வைத்து வளர்ப்பார்கள்.

கடல் முத்து வேறு. சிப்பி ஓட்டைக் கடைந்து செய்த உருண்டை மணியை, சதைத் துண்டோடு சேர்த்துக் கடல் சிப்பிக்குள் வைக்க வேண்டும். ஒரு சிப்பிக்கு ஒன்றிரண்டு முத்துதான். சிப்பி செத்துப் போகலாம், மணியைத் துப்பிவிடலாம். ஜப்பானின் அக்கோயா முத்து பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துத் தென்கடல் முத்து 10 மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். உருண்டை, அளவு, நிறம் மூன்றும் ஒத்துவரும் நாற்பது முத்தைத் தேடி ஒரு சரம் கோர்க்க எத்தனை ஆயிரம் முத்தைப் புரட்ட வேண்டும் என்று யோசியுங்கள். 48,000 ரூபாய்ச் சரத்தில் அந்தக் கூலியும் இருக்கிறது.

கையில் அளவான பணம் இருந்தால் உருண்டையைத் துரத்தாதீர்கள், பளபளப்பைப் பாருங்கள். நல்ல முத்தில் உங்கள் முகமும் ஜன்னலும் விளிம்போடு தெரியும். மட்டமானது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து நிற்கும். ஸ்டால்களில் தொங்கும் மஞ்சள் விளக்கில் எல்லாமே அழகுதான். அதனால் சரத்தை மண்டப வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். கோணல் முத்தாக இருந்தாலும் பளபளப்பு நன்றாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அதன் அழகு எனக்கு உருண்டையை விடப் பிடிக்கும்.

ஹால்மார்க் உள்ள முத்து எங்கே கிடைக்கும்?
– வாசகர், மார்த்தாண்டம்

எங்கும் கிடைக்காது. ஹால்மார்க் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான்.

நீலம், பச்சை, பளிச்சென்ற கறுப்பு நிறங்களில் முத்து பார்த்தேன். இவை இயற்கை நிறமா, சாயமா?
– கல்லூரி மாணவி, குழித்துறை

நன்னீர் முத்தில் தானாக வரும் நிறங்கள் வெள்ளை, பால் நிறம், பீச், இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம். தென்கடல் முத்தில் வெள்ளி வெள்ளையும் பொன் மஞ்சளும் உண்டு. கறுப்பு என்று சொல்லப்படும் தாஹித்தி முத்து பிரெஞ்சு பாலினேசியாவின் கறுப்பு உதட்டுச் சிப்பியில் விளைகிறது. அதை உற்றுப் பார்த்தால் மை போன்ற கறுப்பாக இருக்காது. சாம்பல் மேல் பச்சை ஓடும், மயில் கழுத்து தெரியும், சிலதில் கத்தரிக்காய்த் தோல் நிறம் வரும். ஒரு சரம் முழுக்க ஒரே மாதிரி மைக்கறுப்பும் மலிவு விலையும் சேர்ந்திருந்தால் அது சாயம் ஏற்றிய நன்னீர் முத்து. பளீர் பச்சையும் மயில்துத்தமும் அப்படித்தான். துளை ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், சாயம் அங்கே திட்டாகத் தேங்கியிருக்கும்.

2011ல் சென்னையில் ஒரு கண்காட்சியில் என் அக்கா மகளின் கல்யாணத்துக்குக் கறுப்பு முத்துக் கம்மல் வாங்கினேன். 6,500 ரூபாய். தாஹித்தி என்று சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் துளையைச் சுற்றி வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘முத்துக் கம்மல் – 1 ஜோடி’ என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது? அந்தப் பிள்ளை அதை இன்றுவரை என்னிடம் குறையாகச் சொன்னதில்லை, எனக்குத்தான் ஆறவில்லை.

சாயம் ஏற்றிய முத்து விற்பது குற்றமில்லை. சாயம் என்று சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. பிடித்திருந்தால் சாய முத்து என்று தெரிந்து, அந்த விலைக்கு வாங்குங்கள்.

கன்னியாகுமரி கடற்கரையில் ஒருவர் முத்து மாலையைக் கல்லில் தேய்த்து, லைட்டரால் சுட்டுக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. 1,200 சொல்லி 400க்குத் தந்தார். அசல்தானே?
– சுற்றுலா வந்தவர், திருச்சி

இல்லை ஐயா. தீயில் உருகவில்லை என்றால் பிளாஸ்டிக் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். கண்ணாடியும் உருகாது, சிப்பி ஓட்டு மணிக்குப் பூச்சு கொடுத்ததும் சட்டென்று உருகாது. உண்மையான முத்தைத் தீயில் காட்டினால் கெட்டுப் போகும், அதனால் முத்து வைத்திருப்பவர் யாரும் அந்தச் சோதனை செய்யமாட்டார். வீட்டில் செய்யக்கூடியது: இரண்டு மணிகளை ஒன்றோடு ஒன்று மெதுவாக உரசுங்கள். முத்து என்றால் நைசான மணல் போல நறநறக்கும், போலி வழுக்கும். துளை ஓரத்தில் பூச்சு உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நண்பர் சொன்னாரென்று கண்காட்சியில் 85,000 ரூபாய்க்கு முத்து ஆரம் வாங்கினேன். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் வாங்கவில்லை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பணத்தைத் திரும்ப வாங்க வழி சொல்லவும்.
– வாசகர், நாகர்கோவில்

மூன்று சதவீத வரி 2,550 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க 85,000 ரூபாய்க்கான ஆதாரத்தை விட்டுவிட்டீர்கள். பொருளில் குறை என்றுகூட நீங்கள் எழுதவில்லை, வீட்டில் பிடிக்கவில்லை என்கிறீர்கள். அதற்குச் சட்டத்தில் வழியில்லை. கடைக்காரர் மனசு வைத்தால் மாற்றித் தரலாம், போன் செய்து கேளுங்கள்.

முத்து பதித்த தங்கச் செயின், மொத்தம் 24 கிராம். முழு எடைக்கும் தங்க விலை போட்டிருக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் முத்து பத்து இருக்கிறது. கேட்டால் ‘முத்துக்குத் தனி விலை போடவில்லையே, லாபம்தானே’ என்கிறார்கள்.
– வாசகி, திங்கள்சந்தை

லாபம் அவர்களுக்கு. 8 மில்லிமீட்டர் உருண்டை முத்து ஒன்று சுமார் 0.7 கிராம் இருக்கும். பத்து முத்து 7 கிராம். கிட்டத்தட்ட ஒரு பவுனுக்கு நீங்கள் தங்க விலை கொடுத்திருக்கிறீர்கள். ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக எழுதப்பட வேண்டும். நகையில் உள்ள ஆறு எழுத்து எண்ணை, ஹால்மார்க் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். அப்புறம் பில்லோடு கடைக்குப் போய், கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இந்த இடத்தில் எல்லா வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், பல வருஷமாக மனதில் கிடக்கும் விஷயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நகைப் பட்டியல் இருக்கிறது. ஒரு நகையில் எத்தனை முத்து, என்ன வகை என்று வெட்டி வைத்திருக்கிறார்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி. நீரோட்டம் எனப்படும் பளபளப்பைக்கூட விடவில்லை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரித்திருக்கிறார்கள். எடை சொல்லும்போது உள்ளே இருக்கும் அரக்கையும் கணக்கில் காட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளியால் கல்லில் அவ்வளவும் எழுத முடிந்தது. இன்று கம்ப்யூட்டர் பில்லில் ‘முத்து மாலை – 1’ என்று வருகிறது. நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

‘அசல்’, ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தைகளுக்கு முத்துக் கடையில் ஒரு அர்த்தமும் இல்லை. ‘செயற்கை முத்து’ என்பது அதைவிட மோசம். சிப்பியில் மனிதன் வளர்த்த முத்தையும் அப்படிச் சொல்கிறார்கள், கண்ணாடி மணியையும் அப்படிச் சொல்கிறார்கள். கேட்க வேண்டியது இதுதான்: இயற்கையாக விளைந்ததா, வளர்ப்பா, போலியா? வளர்ப்பு என்றால் நன்னீரா, கடலா? நிறம் அதனுடையதா, சாயமா? எத்தனை மணி, என்ன அளவு? பதிலைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பொருளை மேஜையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எழுதிக் கொடுத்தது பொய் என்றால், விற்றவர் ஹைதராபாத்திலோ ஜெய்ப்பூரிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

சந்திர தோஷத்துக்கு இயற்கை முத்து மோதிரம் போடச் சொன்னார் ஜோசியர். அவரே 1,500 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், கருங்கல்

அந்த விலைக்கு இயற்கை முத்து வராது. தோஷத்தைப் பற்றி நான் பேசவில்லை, முத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

முத்து வைத்த ஜிமிக்கியைக் கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். தங்கம் மின்னுகிறது, முத்தெல்லாம் மங்கிப்போய்விட்டது. ‘பழைய முத்து, அப்படித்தான்’ என்கிறார்கள். அம்மா தந்த ஜிமிக்கி.
– வாசகி, குளச்சல்

முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது, அமிலம் பட்டால் அரித்துவிடும். பாலிஷுக்கு அமிலத்தில் முக்குமுன் முத்தைக் கழற்றியிருக்க வேண்டியது கடைக்காரரின் வேலை. உங்கள் மேல் தப்பில்லை. நகை கொடுத்தபோது தந்த சீட்டையும், பழைய கல்யாண போட்டோவில் ஜிமிக்கி தெரிந்தால் அதையும் வைத்து எழுத்தில் நஷ்டஈடு கேளுங்கள். இது சேவைக் குறைபாடு, ஆணையத்துக்குப் போகலாம். மங்கிய முத்துக்களை இப்போது தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அவைதான் சாட்சி.

மற்றவர்களும் முத்து நகையைப் புளி, எலுமிச்சை, சோப்புப் பொடி எதிலும் போடாதீர்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் கடலோர வெக்கையில் வியர்வை பட்டு நூல் சீக்கிரம் இற்றுவிடும், ஒவ்வொரு மணிக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள்.

என் பாட்டியின் அம்மாவுடைய முத்துச் சரம் வீட்டில் இருக்கிறது. தூத்துக்குடி முத்து என்பார்கள். கண்காட்சியில் காட்டினேன். ஒருவர் 8,000 தருகிறேன், இன்றே கொடுத்துவிடுங்கள் என்று விடாமல் கேட்டார். கொடுக்கலாமா?
– வாசகி, கொட்டாரம்

கொடுக்காதீர்கள் அம்மா. மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். இன்று புதிதாகத் தூத்துக்குடி இயற்கை முத்து என்று யாராவது விற்றால் நான் நம்பமாட்டேன், ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது நான்கு தலைமுறைப் பொருள். அது இயற்கையாக விளைந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜப்பான் வளர்ப்பு முத்து அந்தக் காலத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தோ பல்லில் உரசியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் வேண்டும். மும்பையில் அப்படிப்பட்ட கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் ஆகும், இயற்கை முத்து என்று வந்தால் அந்தக் கட்டணம் பெரிதாகத் தெரியாது.

அதுவரை சரத்தைப் புதிதாகக் கோர்க்கக் கொடுக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். மணிகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, தங்க நகையோடு உரசாதபடி தனி டப்பாவில் வையுங்கள். சான்றிதழ் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், முடிவு எதுவானாலும் தெரிந்துகொள்ள ஆசை.