வொண்டர் உமன் பிறப்புக் கதையை மாற்றியதில் என்ன தவறு?

காட்பாடியில் காமிக்ஸ் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: காமிக்ஸ் நாயகி வொண்டர் உமனான டயானாவின் பிறப்புக் கதையை மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

நிறையவே குறைகிறது. 1940-களின் கதையில் அமேசான்கள் என்ற வீரப் பெண்கள் கூட்டத்தின் ராணி ஹிப்போலிட்டா களிமண்ணில் ஒரு குழந்தையைச் செய்கிறாள். தெய்வம் உயிர் கொடுக்கிறது. அப்பா என்று யாருமே இல்லை. நம்ம கரிகிரியில் மண்பாண்டம் வனைவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைகளின் அருமை புரியும்.

2011-இல் டிசி காமிக்ஸ் நிறுவனம் தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது, எழுத்தாளர் பிரையன் அசரெல்லோ டயானாவைக் கிரேக்கக் கடவுள் ஜீயஸின் மகளாக்கினார். பலம் அப்பா வழி வந்ததாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, அமேசான்கள் மாலுமிகளை மயக்கிக் கொன்று, பிறக்கும் ஆண் குழந்தைகளை ஆயுதங்களுக்கு மாற்றிக்கொள்பவர்களாக ஆனது. கிளிஃப் சியாங்கின் ஓவியம் அருமை, சரி. ஆனால் ஒரு தாயின் ஆசையிலிருந்தே பிறந்தவள் என்பதை எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.